மெல்போர்னில் இருக்கும் கதிருக்கு

அன்புள்ள கதிர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

போன வாரம் போனில், "இந்த ஊருக்குன்னு ஒரு இசையே இல்லப்பா" என்று அலுத்துக்கொண்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். பதிலை எழுதியே அனுப்புகிறேன்.

டெட் கேன் டான்ஸ். பெயரைப் பார்த்து மிரளாதே. 1981-ல் அதே மெல்போர்னில் லிசா ஜெரார்டும் பிரெண்டன் பெர்ரியும் ஆரம்பித்த இசைக்குழு. அடுத்த வருஷமே லண்டன் போய்விட்டார்கள். 1984-ல் வந்த முதல் ஆல்பத்தில் இருண்ட கிட்டார் ஓசைதான் அதிகம். அதைக் கேட்டு கோதிக், அதாவது இருண்ட ராக் இசை, என்று முத்திரை குத்தினார்கள், அப்புறம் அது போகவே இல்லை.

நான் விடாமல் கேட்பது 1990-ல் வந்த 'ஏயான்'. அட்டையில் ஹைரோனிமஸ் போஷின் ஓவியத்திலிருந்து ஒரு துண்டு: கண்ணாடிக் குமிழிக்குள் ஓர் ஆணும் பெண்ணும். உள்ளே 14-ஆம் நூற்றாண்டு இத்தாலிய நடன மெட்டு ஒன்று, சால்டரெல்லோ. காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. இந்த ஆல்பத்தில் ஹர்டி-கர்டி என்று ஒரு வாத்தியம் வருகிறது. கைப்பிடியைச் சுற்றினால் பிசின் பூசிய மரச்சக்கரம் தந்திகளை உரசிக்கொண்டே இருக்கும். மெட்டு மேலே போக, அடியில் ஒரே சுரம் நிற்கும், நம் நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது போல. அதனால்தானோ என்னவோ எனக்கு அந்நியமாகவே படவில்லை.

அதில் எனக்குப் பிடித்தது சிபிலின் பாடல். சிபில் என்றால் பழங்காலத்தில் வருங்காலம் உரைத்த பெண். கற்றலான் மொழியில் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது. ஸ்பெயினின் மயோர்காத் தீவின் தேவாலயங்களில் இன்றும் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பாடுகிறார்கள், பாடுகிற பிள்ளை கையில் வாள் ஏந்தி நிற்கும். யுனெஸ்கோ 2010-ல் அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. லிசா அதை அவசரமே இல்லாமல் பாடுகிறார். உன் அம்மா மட்டும், "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன ஒப்பாரி?" என்று அணைத்துவிட்டாள். சரி, அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பழைய பாட்டைப் பழைய மாதிரியேதான் பாட வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஆல்பம் பிடிக்காது. எதிரொலி கொஞ்சம் தூக்கல்தான், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மெட்டுகள் ஏட்டில் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நான் சொல்ல வந்தது இதுதான். லிசா வளர்ந்தது உன் ஊரின் பிரஹ்ரான் பகுதியில். அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம், அக்கம்பக்கத்தில் கிரேக்கர்களும் துருக்கியர்களும். அந்த வீடுகளிலிருந்து வந்த பாட்டுகள்தான் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தன. பல பாட்டுகளில் எந்த மொழியிலும் சேராத சொற்களைத் தானே உண்டாக்கிப் பாடுகிறாரே, அதைச் சிறு வயதிலேயே ஆரம்பித்துவிட்டாராம். அந்த ஊருக்கு இசை இல்லை என்று நீ எப்படிச் சொல்லலாம்?

பிரஹ்ரான் உன் அறையிலிருந்து எவ்வளவு தூரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா நடந்து வா. கிரேக்கக் கடை ஏதாவது இன்னும் இருக்கிறதா, உள்ளே என்ன பாட்டு ஓடுகிறது என்று எழுது.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா என்று அம்மா கேட்கிறாள். பொங்கலுக்குள் பார்சல் போட வேண்டுமாம், சீக்கிரம் சொல்.

அன்புடன்,
அப்பா