என் ஆறு எது என்று கேட்டார்கள்

கோர் அருகில், சவுத்லேண்ட், நியூஸிலாந்து
21.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதிக்கொண்டது. நாங்கள் நால்வரும் நலம். நீங்கள், அம்மா, ஆச்சி, அண்ணன், மதினி, பிள்ளைகள் அனைவரின் நலமும் அறிய ஆவல். சென்ற வாரம் மீண்டும் ஆற்றில் வெள்ளம் என்று அண்ணன் படம் அனுப்பியிருந்தான். சென்ற ஆண்டு இதே டிசம்பரில் வந்ததைப் போல இல்லை என்றான். பிசானப் பயிருக்குச் சேதம் ஏதும் உண்டா என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

நவம்பரில் நீங்கள் எழுதிய கடிதம் மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது. "எழுதத் தெரிந்தவளுக்கு எழுத மனமில்லை போலும்" என்ற கடைசி வரியை அவர் கண்ணில் படாமல் மடித்து வைத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவது கடிதக் கணக்கில் வராது என்பது உங்கள் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஏனெனில் தொலைபேசியில் சாப்பிட்டாயா, மழை உண்டா என்பதைத் தாண்டி நாம் எதையும் பேசுவதில்லை. ஜூன் மாதத்திற்குப் பிறகு நான் எழுதவில்லை. இங்கே ஜூன் 1 என்பது பால் பண்ணைக்காரர்கள் பண்ணை மாறி, வீடு மாறும் நாள். அவரும் அன்றுதான் இந்தப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். வீடு பழையதைவிடச் சிறியது, ஆகவே பெருக்கித் துடைப்பது சுலபம். பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில் இருப்பதால் வண்டியை எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பேத்தியின் பள்ளியில் "செறிவூட்டும் வகுப்பு" என்று ஏதோ நடக்கிறதாமே, அது டியூஷனா என்று கேட்டிருந்தீர்கள். டியூஷன் இல்லை. அதை விளக்க வேண்டுமானால் முதலில் பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொத்தம் 38 பிள்ளைகள், இரண்டு அறைகள். ஓர் அறையில் சிறியவர்கள், மற்றதில் பெரியவர்கள், ஆக நம் ஊர்க் கணக்கில் ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியையும் உங்களைப் போலவே வகுப்பு எடுத்துக்கொண்டு, இடையில் ஓடிப்போய்ப் பதிவேடு எழுதி, குழாய் உடைந்தால் அதையும் பார்ப்பவர். கல்வியாண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஆனால் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாளில் சேர்வதில்லை. பெரும்பாலும் ஐந்து வயது நிறைந்ததும் அந்தந்தக் குழந்தை வந்து சேர்ந்துவிடும், ஆகவே ஆண்டு முழுவதும் எவராவது ஒருவர் வாசலில் அழுதுகொண்டிருப்பார். பாதிப் பேர் செருப்பில்லாமல் ஓடுவதைப் பார்த்தால் நம் ஒன்றியப் பள்ளி நினைவுதான் வரும், அது வறுமையால் அல்ல என்பது மட்டுமே வேறுபாடு.

இந்த 2024-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் நாள்தோறும் சராசரியாக ஒவ்வொரு மணி நேரம் ஒதுக்கியே தீர வேண்டும் என்று அரசு விதி கொண்டுவந்துவிட்டது. அதனால் மற்றவை எல்லாம் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு ஒதுங்கிவிட்டன. அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஊரில் யாருக்கு எது தெரியுமோ அவர் வந்து சொல்லித்தருகிறார், சம்பளம் கிடையாது. ஒருவர் உக்குலேலி என்னும் நான்கு தந்தி வாத்தியம் கற்றுத்தருகிறார். இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி இனப் பாட்டி ஒருவர் நூலில் கட்டிய பந்துகளைப் பாட்டுக்கு ஏற்பச் சுழற்றும் பொய் என்ற கலையைச் சொல்லித்தருகிறார். அதற்குப் பெயரே அதுதான், நம் பொய்யோடு அதற்கு உறவில்லை. வேறு சிலர் பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துப்போய்க் கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளின் இளம்புழுக்களை எண்ணச் சொல்கிறார்கள். சில வகைப் புழுக்கள் தூய நீரில் மட்டுமே வாழும். அவை மறைந்து நத்தையும் மண்புழு போன்றவையும் மட்டும் மிஞ்சினால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பொருள். நம் சின்னவள் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, ஓடை கெடுவதற்கு மாட்டுச் சாணமும் ஒரு காரணமாம் என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அதிகாலை நான்கு மணிக்கே பால் கறக்கப் போய்த் திரும்பியிருந்த மனிதர் ஒன்றும் பேசாமல் சோற்றைப் பிசைந்தார்.

நீங்களும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எங்களை வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போவீர்கள். கரும்பலகையில் மட்டும் "கணக்கு" என்று எழுதி வைப்பீர்கள், கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. ஆய்வுக்கு வந்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று. இங்கே அதற்கு ஒரு பெயர் வைத்து, பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவிப்பும் அனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

மர வேலை வகுப்பை நடத்துபவர் எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர். ஆயுள் முழுதும் ஆடு வளர்த்தவர். ஜூலை மாதத்தில் புல் எல்லாம் உறைபனியால் வெளுத்துக் கிடக்கையில், நான் இரண்டு கம்பளி போட்டும் நடுங்க, அவர் அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் அணிந்து வேலியருகே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வணக்கம் சொன்னால் தலையை ஒரு நூல் அளவு அசைப்பார். முதல் வாரம் முழுவதும் எங்கள் மீது கோபம் என்றே நினைத்தேன். பிறகு ஒரு காலையில் வாசற்படியில் ஒரு சாக்கு நிறைய ஸ்வீட் என்ற கிழங்கு இருந்தது; பெயரை நம்பி ஏமாற வேண்டாம், அது இனிப்பு அல்ல, குளிர்காலத்தில் ஆடு மாடுகளுக்குத் தீவனமாகவும் மனிதருக்குக் காய்கறியாகவும் பயன்படும் ஒரு பெரிய மஞ்சள் நிறக் கிழங்கு. சாம்பாரில் போட்டால் முள்ளங்கிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கிறது. ஆகஸ்ட் முடியும்வரை எங்கள் வீட்டில் ஸ்வீட் சாம்பார், ஸ்வீட் பொரியல், ஸ்வீட் கூட்டுதான். காய்கறிச் செலவு அறவே இல்லை என்று சொல்லலாம்.

நானும் மூன்றாம் பருவத்தில் ஆறு வெள்ளிக்கிழமைகள் வகுப்பு எடுத்தேன். பள்ளியில் உதவியாளராக மட்டும் இருந்த என்னைத் தலைமையாசிரியை "உங்களுக்குத் தெரிந்தது எது" என்று கேட்டபோது, வாய்க்கு வந்தது கோலம். அரிசி மாவு இங்கே காற்றுக்கு நிற்காது என்பதால் சாக்கட்டியால் விளையாட்டுத் திடலின் தார்த்தரையில் போட்டோம். ஒன்பது புள்ளியில் தொடங்கி இருபுறமும் ஐந்து வரை இடைப்புள்ளி வைத்தபோது மொத்தம் எத்தனை என்று ஒரு பையன் எண்ணி 61 என்றான். தலைமையாசிரியை அதைப் பிடித்துக்கொண்டு, இது கணக்கு நேரத்திலும் சேரும் என்று மகிழ்ந்துவிட்டார்.

அப்பா, இதை நீங்கள் ரசிப்பீர்கள். சிக்குக் கோலத்தில் மூன்றுக்கு நான்கு என்று நேர்ப்புள்ளி வைத்து, இழையைச் சரிவாகவே ஓட்டி ஓரத்தில் மட்டும் திருப்பினால், எல்லாப் புள்ளியையும் ஒரே இழை சுற்றி வந்து சேர்ந்துவிடுகிறது. மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று இழை வேண்டும். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் ஆச்சியும் காரணம் சொல்லிப் போட்டதில்லையே. மறு வெள்ளிக்கிழமை அந்தக் கிழவர் ஒரு பலகையைக் கொண்டுவந்து என் முன் சாய்த்து வைத்தார். வீட்டில் உட்கார்ந்து பன்னிரண்டு கோலம் வரைந்து பார்த்திருக்கிறார். இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண்களில் பெரியது எதுவோ, இழையும் அத்தனைதான் என்றார். நீங்கள் பிரம்பை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்த மீப்பெரு பொதுக் காரணி! அவர் என்னிடம் தொடர்ந்தாற்போல் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

இனி ஆண்டு இறுதியைப் பற்றி. தேர்வோ தரவரிசையோ கிடையாது. அறிக்கை ஒன்று வருகிறது. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆண்டைத் தானே திரும்பிப் பார்த்து எதில் பெருமை, எது கடினம், அடுத்த படி எது என்று எழுதி, பெற்றோர் முன் வாசிக்க வேண்டும். அடுத்த படி என்றதும் 2007-இல் செயல்வழிக் கற்றல் வந்தபோது சுவரில் மாட்டிய கற்றல் ஏணியை நீங்கள் முறைத்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. நானும் இது வெறும் சடங்காகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். சில பிள்ளைகளுக்கு அப்படித்தான். ஆசிரியர் கேட்க விரும்புவது எது என்று ஊகித்து அதையே எழுதிவிடுகிறார்கள், அந்தத் திறமை எல்லா நாட்டிலும் உண்டு போலும். ஆனால் ஏழு வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "எனக்குக் கடினமானது பேசாமல் இருப்பது. அடுத்த படி, அடுத்த ஆண்டும் முயல்வது" என்று வாசித்தபோது அவன் தாய் சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தார்.

நம் சின்னவளுக்கு வேறொரு சிக்கல். வாசிக்கும் முன் மாவோரி முறைப்படி தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அதில் பெயர் கடைசியில்தான் வரும். என் மலை இது, என் ஆறு இது என்பதே முதலில். இந்த மண்ணின் வழித்தோன்றல்கள் அல்லாதவர்களுக்காகச் சொற்களைச் சற்று மாற்றி, என் நெஞ்சை அசைக்கும் மலை இது, என் கவலைகளைத் தணிக்கும் ஆறு இது என்று சொல்லச் சொல்கிறார்கள். இரண்டு நாள் யோசித்தாள். மலைக்கு ஹோக்கொனூயி குன்றுகளை எடுத்துக்கொண்டாள், தினமும் பார்க்கிறாளாம். ஆற்றுக்கு மட்டௌராவைச் சொல்வாள் என்று நினைத்தேன். "அதில் அம்மா என்னை இறங்கவே விட்டதில்லை, அது எப்படி என் ஆறு ஆகும்? தாத்தா என்னைக் குளிப்பாட்டிய ஆறு எது?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. உண்மையாகவே நினைவிருக்கிறதா, நாங்கள் சொல்லிச் சொல்லி நினைவானதா, தெரியவில்லை.

புல்வெளியில் எல்லாக் குடும்பங்களும் உட்கார்ந்திருக்க, "டாமிரபரணி" என்றாள். த வரவில்லை. நான் பின்வரிசையில் நாற்காலிகளை எண்ணுவதைப் போலக் குனிந்துகொண்டேன்.

பணியாளர்களும் எழுத வேண்டும் என்று எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். கடினமானது என்ற இடத்தில் "குழந்தைகளின் உச்சரிப்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றிரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. அங்கே பிற்பகல் இரண்டு மணி. நீங்கள் உண்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருப்பீர்கள், அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணியபடி சமையலறைச் சன்னலில் நெடுநேரம் நின்றேன். இந்த வெளிச்சத்தில் அழுதால் வேலிக்கு அப்பால் தெரியும். கிழவர் வேலிக்கருகில் வந்து, "அந்த ஆறு இன்னும் ஓடுகிறதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன்.

அதனால்தான் வயல் பேச்சை எடுக்கிறேன். நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள தாத்தாவின் பதினான்கு மரக்கால் விதைப்பாட்டு வயலை விற்க அண்ணன் முடிவு செய்துவிட்டான், வாங்குபவர் என் கையெழுத்தும் வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நான் தடையாக நிற்க மாட்டேன். மதினியின் தம்பி படிப்புக்கு அவன் வாங்கிய கடனும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் மனதார விற்கச் சொல்கிறீர்களா, அல்லது அவனிடம் மறுக்க முடியாமல் சொல்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. அதை உங்கள் கையால் எழுதினால், இங்கே முறைப்படி பவர் பத்திரம் தயாரித்து அனுப்புகிறேன். வாய்க்காலை ஒட்டிய கீழத் துண்டை மட்டுமாவது விட்டுவைக்க முடியுமா என்று அண்ணனிடம் கேளுங்கள். என் பங்கு என்று எனக்குத் தனியே எதுவும் வேண்டாம். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

என் வேலை பள்ளி நடக்கும் நாட்களுக்கு மட்டுமே ஆனதால் இந்த ஆறு வாரமும் எனக்கு முழு ஓய்வு. அடுத்த ஆண்டு எத்தனை மணி நேரம் என்பதைப் பிப்ரவரியில் சொல்வார்கள். கூட்டுறவு வங்கியில் இருக்கும் என் இரட்டைவடச் சங்கிலிக்கு ஜனவரிக் கடைசியில் கெடு வருகிறது. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியுமா என்று மேனேஜரிடம் விசாரித்து எழுதுங்கள். பணம் இல்லாமல் அல்ல, இப்போது இங்கிருந்து அனுப்பினால் மாற்று விகிதம் சரியில்லை, அதனால்தான். அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அம்மாவுக்குக் கண் அறுவைக்கு எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள்? ஆச்சிக்குக் கால் வீக்கம் குறைந்ததா? மார்கழி பிறந்துவிட்டதால் வாசலில் தினமும் பெரிய கோலம் இருக்கும். குனிந்து போட வேண்டாம், மதினியைப் போடச் சொல்லுங்கள். அம்மாவின் பழைய கோல நோட்டில் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலங்கள் உள்ள பக்கங்களை மட்டும் படம் எடுக்காமல் நகல் எடுத்து, பதில் கடிதத்துடன் வைத்து அனுப்புங்கள். கிழவர் பலகை அறுத்துத் தயாராக வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்