அது பட்டாம்பூச்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கிலுகிலுப்பைப் பூவில் அமர்ந்திருந்த பூச்சியின் படத்துக்கு, 'சிவப்புப் புள்ளிப் பட்டாம்பூச்சி' என்று குறிப்பு எழுதியிருந்தீர்கள். அது யூட்டிதைசா என்னும் பேரினத்து அந்துப்பூச்சி. பகலில் பறப்பதால் பலரும் ஏமாந்துபோவார்கள். ஆனால் விடை படத்திலேயே இருக்கிறது. பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குமிழ்போல் தடித்திருக்கும்; இதற்கு நூல்போல் மெலிந்து முடிகிறது. இறக்கைகளையும் மேலே கூப்பாமல், உடம்பைச் சுற்றிப் போர்த்தி வைத்திருக்கிறது.

இறக்கையை விரித்தால் மூன்று, நான்கு சென்டிமீட்டர் இருக்கும். பால்வெள்ளை முன்னிறக்கையில் கறுப்புப் புள்ளிகள், நடுநடுவே குங்குமம் தொட்டு வைத்தாற்போல் சிவப்பு. பறக்கும்போதுதான் பின்னிறக்கையின் கோணலான கறுப்புக் கரை தெரியும்.

மன்னார்குடிப் பக்கம் சணப்பு விதைக்கும் எங்களுக்கு இது பழகிய பூச்சி. இதன் புழு இலையைத் தின்னும், காயையும் குடையும். விதைக்கு விட்ட வயலில் தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் பூக்கும் தருவாயில் மடக்கி உழப்போகிற பசுந்தாள் சணப்புக்கும் மருந்து அடிக்கிறார்களே, அதைப் பார்க்கத்தான் மனம் பொறுப்பதில்லை.

சணப்பு, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளில் உள்ள நச்சைப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. இதன் அமெரிக்க உறவினத்தைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வலையில் சிக்கிய பூச்சியைச் சிலந்தியே இழைகளை அறுத்து வெளியே விட்டுவிடுகிறது! ஆண் பூச்சி இணையும்போது தன் நச்சில் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. அது முட்டைகளுக்கும் போய்ச் சேர்ந்து காவலாக நிற்கிறது.

1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் விவரித்த, இப்பேரினத்தைச் சேர்ந்த புல்செல்லா இனம் ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா எனப் பரந்து வாழ்கிறது. சில ஆண்டுகளில் வலசையாக இங்கிலாந்து வரை போகிறது. அச்சாக இதைப் போலவே இருக்கும் லோட்ரிக்ஸ் என்ற இனம் ஆஸ்திரேலியா வரை உண்டு. நம் நாட்டில் இரண்டும் இருப்பதால், ஒரு படத்தை வைத்து இன்னதென்று அறுதியிடுவது சரியாகாது.

ஆகவே, திருத்தம் வெளியிடும்போது 'யூட்டிதைசா அந்துப்பூச்சி' என்று மட்டும் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மன்னார்குடி