தொட்டியை இன்று தாருங்கள், மீனை அடுத்த மாதம் தாருங்கள்

உதகை, குன்னூர், கோத்தகிரி ஊர்களில் வண்ணமீன் கடை நடத்தும் பெருமக்களுக்கு வணக்கம்.

முதன்முறையாக மீன் வளர்க்க விரும்பி உங்கள் கடைப் படியேறுகிறவருக்குக் கண்ணாடித் தொட்டியையும் மீன்களையும் ஒரே நாளில் விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். தொட்டி, மணல், செடி, வடிகட்டி ஆகியவற்றை முதலில் கொடுத்தனுப்புங்கள். மீனுக்கு ஐந்தாறு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். எந்த ஊருக்கும் இது நல்ல வழக்கம்தான். ஆனால் குளிரும் மென்னீரும் (உப்புகள் குறைவாகக் கரைந்த நீர்) சேர்ந்த நம் மலையூர்களில் இதைச் செய்யாவிட்டால் மீன் பிழைப்பது அரிது.

என் மகள் நான்காம் வகுப்பில் படித்தபோது, ஒரு டிசம்பர் மாதச் சனிக்கிழமையன்று, இரண்டடித் தொட்டியும் எட்டு கப்பி மீன்களும் வாங்கிக் குன்னூருக்குக் கொண்டுவந்தோம். அன்று மாலையே குழாய்நீரை நிரப்பி மீன்களை விட்டோம். நான்காம் நாள் அவை நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பத்தாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. நீரோ கடைசிவரை தெளிவாகவே இருந்தது. விற்றவரிடம் கேட்டபோது, நீர் முழுவதையும் மாற்றி, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் நன்றாகக் கழுவிவிட்டு வேறு மீன் விடுமாறு அன்போடுதான் சொன்னார். அப்படியே செய்தோம். புதிதாக விட்ட ஆறு மீன்களும் இறந்தன. குழந்தை அதன்பிறகு அந்தத் தொட்டியின் பக்கம் போகவே இல்லை.

ஏன் இறந்தன என்பது வெகுநாள் கழித்தே எனக்குப் புரிந்தது. மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது; அதன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அதையே பெருக்குகின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது, அளவு மீறாதவரை தீங்கற்றது, செடிகளுக்கு உணவும்கூட. இந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் நீரில் மிதந்து வாழ்வதில்லை. வடிகட்டிப் பஞ்சிலும் மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டே வாழ்கின்றன. புதிய தொட்டியில் அவை இல்லை. அவற்றைக் குடியேற்றக் காத்திருக்கும் காலத்தையே நான் உங்களிடம் கேட்கிறேன். பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவியபோது, அரும்பத் தொடங்கியிருந்த சிலவற்றையும் நாங்களே கொன்றுவிட்டோம். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதை அலசியிருக்க வேண்டும்.

25 டிகிரி வெப்பத்தில் இந்தக் குடியேற்றம் நான்கு முதல் ஆறு வாரத்தில் நடந்துவிடும். உதகையில் உறைபனி விழும் மாதங்களில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியின் நீரே 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் குளிரில் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகத்தான் பெருகும். என் இரண்டாம் முயற்சியில், ஹீட்டரை 22 டிகிரியில் வைத்து, நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனியை மட்டும் வெறும் தொட்டியில் இட்டு வந்தேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியம் காட்ட ஏழு வாரம் ஆயின. கூடலூர்ப் பக்கம் தாழ்ந்த பகுதி என்பதால் அங்கே இவ்வளவு காலம் பிடிக்காது.

நம் நீரைப் பற்றியும் ஒரு சொல். இம்மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கடும்பாறையால் ஆனது. மழைநீர் அதன்மேல் ஓடி வரும்போது சுண்ணத்தை அதிகம் கரைத்துக்கொள்வதில்லை. அதனால் நம் ஓடைநீரும் ஊற்றுநீரும் மென்னீராக இருக்கின்றன. கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டியீனும் மீன்களுக்கு உப்புகள் செறிந்த நீர் வேண்டும். குளிரையும் மென்னீரையும் ஒருசேரத் தாங்கும்படி அவற்றைக் கேட்பது கொடுமை. மென்னீருக்கு இன்னொரு குணமும் உண்டு. நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்ய நீரின் காரத்தன்மை குறைந்துகொண்டே போகும். சமவெளி நீரில் அதற்கு இருப்பு அதிகம், நம் நீரில் குறைவு. நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6-ஐ நெருங்கும்போது நுண்ணுயிர்கள் சோர்ந்துவிட, அம்மோனியா நஞ்சு குறைந்த அம்மோனியமாகத் தேங்கி நிற்கும். அப்போது யாரேனும் காரத்தன்மை மிகுந்த புதுநீரை மொத்தமாக ஊற்றினால், அது சட்டென்று மறுபடியும் நஞ்சாகிவிடும். 'தண்ணீர் மாற்றிய அன்றே மீன் செத்துவிட்டது' என்று உங்களிடம் முறையிடுகிறவர்களில் சிலருக்காவது நேர்ந்தது இதுவாக இருக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும், வெதுவெதுப்பான நீர் சற்றுக் கலந்து தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, மாற்றச் சொல்லுங்கள். குழாய்நீரானால் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் சொட்டு விடச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் வாரங்களில் வாடிக்கையாளர் சோர்ந்துபோவார் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அந்த வாரங்களுக்காகவே செடிகள் இருக்கின்றன. நம் குளிரை ஜாவா பாசியும் ஜாவா பெரணியும் நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். பெரணியின் கிடைத்தண்டை மணலில் புதைக்காமல் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்ட வேண்டும், புதைத்தால் அழுகும். ஹார்ன்வொர்ட் கொடி வேரில்லாமலேயே மிதந்து வளர்ந்து அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சும். கிரிப்டோகோரின் வகைகள் இடம் மாறியதும் இலைகளை உதிர்த்துவிடும். செத்துவிட்டதென்று பிடுங்காமல் விட்டால் வேரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். இந்த ஒன்றை மட்டும் விற்கும்போதே சொல்லிவிட்டால் எத்தனையோ செடிகள் குப்பைக்குப் போகாமல் தப்பும்.

அதே வேளையில், நீருக்கடியில் வாழவே இயலாத டிரசீனா, சின்கோனியம் போன்ற தரைச்செடிகளை நீர்ச்செடி என்று விற்பதை நிறுத்துமாறு வேண்டுகிறேன். சில வாரம் பச்சையாக நின்றுவிட்டு, பிறகு அழுகி, அந்த அழுகலாலேயே அவை நீரைக் கெடுக்கின்றன.

செடிக்கு மண் போட வேண்டும் என்று கேட்போரிடம், தேயிலைத் தோட்டத்து மண்ணை எடுக்க வேண்டாம் என்று தயவுசெய்து எச்சரியுங்கள். அதில் யூரியா போன்ற உரம் இருக்கும். கொப்புள நோய்க்குத் தெளித்த தாமிர மருந்தும் தங்கியிருக்கலாம். தாமிரம் இறாலையும் நத்தையையும் கொல்லும், மீனையும் வருத்தும். நன்றாகக் கழுவிய மணலே முதல் தொட்டிக்குப் போதும். விளக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் போனால் பாசி பிடிக்கும்.

இனி மீன். மீனை நீருக்கேற்பத் தேர்ந்தெடுப்பது இம்மலைக்குப் புதிதல்ல: குளிரோடைக்கு ஏற்றதென்றுதான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் டிரவுட் மீன் பொரிப்பகம் அமைத்தார்கள். நம் வீட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றது சீனாவின் குவாங்சௌ நகரை அடுத்த வெண்முகில் மலையின் பெயரைத் தாங்கிய வைட் கிளவுட் மின்னோ. நான்கு சென்டிமீட்டரே வளரும் அது 16 முதல் 22 டிகிரி வரை மகிழ்ச்சியாக வாழும். கூட்டமாக, எட்டுப் பத்தாக, வளர்க்க வேண்டிய மீன். நம் நாட்டு ஜீப்ரா டேனியோவும் 18 டிகிரியில் துள்ளித் திரியும். பருவமழையில் கற்பூர மரம் மின்கம்பியில் சாய்ந்து இரவெல்லாம் மின்சாரம் இல்லாமல் போகும் நம் ஊர்களில், ஹீட்டரை மட்டுமே நம்பி வாழும் மீனைவிட இவையே தொடக்கக்காரருக்கு உகந்தவை. சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து சரக்கு எடுக்கும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஃபைட்டர் மீனைக் குளிரில் சிறு கண்ணாடிக் குடுவையில் அடைத்து மேசையில் வரிசையாக வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நீர் மிகவும் குளிர்ந்தால் அது சுருண்டு கிடக்கும். அதை ஓய்வு என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார்.

பாசி தின்னும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். இரண்டடித் தொட்டியில் இடம் போதாமல் போனதும் அதைக் கொண்டுபோய் ஏரியிலும் ஓடையிலும் விடுகிறார்கள். அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை தமிழ்நாட்டு நீர்நிலைகளை என்ன செய்தது என்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். நம் ஓடைகள் பவானிக்கும் மோயாற்றுக்கும் இறங்கிப் போகின்றன. வளர்க்க முடியாத மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று கடையில் ஒரு பலகை வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் கடைத் தொட்டிகளின் வடிகட்டிகளில் ஆண்டுக்கணக்கில் பழுத்த நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நோயில்லாத ஒரு தொட்டியில் நான்கைந்து பஞ்சுகளைக் கூடுதலாகப் போட்டு வையுங்கள். புதிதாகத் தொட்டி வாங்குகிறவருக்கு அதிலொன்றை ஈரம் காயாமல் பையிலிட்டுக் கொடுங்கள், விலை வைத்தே கொடுங்கள். அந்தப் பஞ்சுக்கு அம்மோனியா கிடைக்கச் சிட்டிகைத் தீனி இட்டுவந்தால், காத்திருக்கும் காலம் பாதிக்கு மேல் குறையும். மீன் பிழைத்தால் அவர் தீனிக்கும் செடிக்கும் மறுபடியும் உங்களிடமே வருவார். செத்தால் தொட்டி பரணுக்குப் போகும்.

என் தொட்டியில் ஜாவா பாசி நிறைய வளர்ந்திருக்கிறது, பழுத்த பஞ்சும் இருக்கிறது. குன்னூரில் எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் தொடக்கத்துக்கு நான் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர்