பழைய விலையே தொடரும் என்று எழுதிவிட்டு ஒன்றரை மடங்கு பிடித்துக்கொண்டது குறித்து

பெறுநர்:
தலைமை மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். இதைச் சாட்டில் எழுதித்தான் பார்த்தேன். நாலு வரி தாண்டினால் அந்தப் பெட்டி மேற்கொண்டு வாங்க மறுக்கிறது. ஜன்னலை மூடினால் எழுதியதெல்லாம் போய்விடுகிறது. மறுநாள் வருகிற ஆளுக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். தயவுசெய்து முழுதும் படியுங்கள். பாதி படித்துவிட்டு ஏற்கெனவே தட்டி வைத்திருக்கும் பதில் ஒன்றை அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் போட்டோ திருத்தும் மென்பொருளுக்குச் சந்தா கட்டி, பழைய போட்டோ பிளானில் பல வருடமாக இருக்கிறேன். எந்தப் பிளான் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படங்களை இணையத்தில் சேமிக்கக் கொஞ்சமாகக் கிளவுட் இடம் தந்தீர்களே, அதுதான். புதியவர்களுக்கு விற்பதை இப்போது நிறுத்திவிட்டீர்கள். ஒப்பந்தம் ஒரு வருடம், பணம் மாதாமாதம். அடுத்த புதுப்பிப்பிலிருந்து கட்டணம் ஒன்றரை மடங்கு ஆகும் என்று மின்னஞ்சல் வந்தது. சரி, உங்கள் பொருள், உங்கள் விலை. ஆனால் அதே மின்னஞ்சலின் அடியில், சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில், நீங்களே ஒரு வழியும் சொல்லியிருந்தீர்கள்: புதுப்பிப்புத் தேதிக்கு முன்பே வருடத் தொகையை மொத்தமாகக் கட்டும் முறைக்கு மாறிவிட்டால் பழைய விலையே தொடரும். இந்தச் சலுகையை நான் உங்களிடம் கேட்கவில்லை. நீங்களாகக் கொடுத்த வாக்கு. அந்த மின்னஞ்சல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

நான் பணத்தோடு தயாராக இருந்தவன். இதைத்தான் உங்கள் நிறுவனத்தில் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை. வருடப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர் கெஞ்சுவதும், கம்பெனி விரட்டியடிப்பதும் உங்களிடம்தான் நடக்கும்.

மின்னஞ்சலில் இருந்த பட்டனை அழுத்தினால் லாகின் கேட்கிறது. லாகின் செய்தால் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அங்கிருந்து கணக்கு, பிளான்கள், பிளானை மாற்று என்று உள்ளே உள்ளே போனால், கடைசியில் காட்டுவது ஒரே ஒரு பிளான். பெரிய கிளவுட் இடமும், ஏஐ வசதிகளைப் பயன்படுத்தச் செலவழிக்கும் கிரெடிட்டுகளும் சேர்த்துக் கட்டிய விலை கூடிய பிளான். அதன் தலையில் 'உங்களுக்காகப் பரிந்துரைக்கப்பட்டது' என்று ஒரு பச்சைப் பட்டை வேறு. நான் படத்தில் தெரியும் கேமரா சென்சார் தூசியைத் துடைப்பவன், சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்துபவன், முகத்தில் விழுந்த நிழலைக் கொஞ்சம் தூக்குபவன். வானத்தையே மாற்றி வைக்கும் ஏஐ எனக்கு எதற்கு? வேண்டாதவனுக்கும் அதைச் சேர்த்துக் கட்டிவிட்டு, அதற்காகத்தான் விலை ஏறியது என்று சொன்னால் என்ன நியாயம்?

சாட்டில் முதலில் பதில் சொல்லும் இயந்திரத்தைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்கவில்லை. அதற்குப் பின்னால் வந்தவர்கள் மனிதர்கள் என்றுதான் நம்புகிறேன். முதலாமவர், இருக்கிற சந்தாவை ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஆண்டுச் சந்தா எடுங்கள் என்றார். ரத்து செய்தால் நானும் புதியவன் ஆகிவிடுவேனே, புதியவர்களுக்குத்தான் அந்தப் பிளான் கிடையாதே என்று கேட்டேன். "சற்றுப் பொறுங்கள், சரிபார்க்கிறேன்" என்றார். மூன்று புள்ளிகள் துள்ளிக்கொண்டே இருந்தன. ரொம்ப நேரம் கழித்து, "உங்களிடமிருந்து பதில் வராததால் இந்த உரையாடல் முடித்துவைக்கப்படுகிறது" என்று வந்தது. பதில் சொல்ல வேண்டியவர் யார்? அடுத்த நிமிடமே, இன்றைய அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு மின்னஞ்சல்.

இரண்டாமவர், புதுப்பிப்பு முடியட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். உங்கள் மின்னஞ்சலோ தேதிக்கு முன் என்கிறது. அவர் அந்த மின்னஞ்சலைப் பார்த்ததே இல்லையாம். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியதை உங்கள் ஆட்களுக்குக் காட்டமாட்டீர்களா? இன்னொருவர், வெளி விற்பனையாளர்களிடம் ஆண்டுச் சந்தாவுக்கான கோட் (பணம் கட்டி வாங்கும் குறியீட்டு எண்) கிடைக்கிறது, அதை வாங்கிக் கணக்கில் போட்டால் ஏற்றம் பாதிக்காது என்றார். வாங்கினேன். போட்டால், நடப்பு ஒப்பந்தம் மாதக் கட்டணத்தில் இருப்பதால் இந்தக் கோட் செல்லாது என்கிறது. விற்றவர் திறந்த கோட் எண்ணைத் திரும்ப எடுக்கமாட்டார். இப்போது அது என் மேசை டிராயரில் கிடக்கிறது. அந்தப் பணத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

இந்த இழுபறிக்குள் தேதி வந்து, ஒன்றரை மடங்கு கார்டிலிருந்து போய்விட்டது. பணம் எடுக்கும் பிரிவு மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பு! ஒரு நிமிடம் பிந்தவில்லை. புதுப்பித்த 14 நாளுக்குள் கேட்டால் முழுப் பணமும் திரும்பும் என்பது நீங்கள் எழுதிய விதி. நான் பணம் போன அன்றே கேட்டேன். "உயர்பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம், பொறுத்திருங்கள்" என்றீர்கள். பொறுத்திருந்தேன். 14 நாள் தாண்டியதும் என் புகார்ப் பதிவான டிக்கெட்டை மூடிவிட்டு, காலக்கெடு முடிந்துவிட்டதால் ரீஃபண்டுக்குத் தகுதி இல்லை என்று எழுதுகிறீர்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது போனில் பேசியவரைப் பற்றி. பெயரை இங்கே எழுதவில்லை; கடைசி டிக்கெட்டைத் திறந்தால் உங்களுக்கே தெரியும். ஆரம்பத்திலிருந்தே ஒரு சலிப்பு. நான் பேசும்போது பக்கத்தில் வேறு யாரிடமோ பேசிச் சிரிக்கிறார். மின்னஞ்சலில் உள்ள வரியைப் படித்துக் காட்டினேன். "அது எல்லாருக்கும் அனுப்புவது சார்" என்றார். எல்லாருக்கும் அனுப்பினால் எனக்குப் பொருந்தாதா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்த விலை கட்ட முடியாதவங்களுக்கு எங்க மொபைல் ஆப் இருக்கு சார், அது ஃப்ரீதான்."

கட்ட முடியாதவன்! மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டுகிறேன் என்று நிற்கிறவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணப் படங்களை நிறம் மாறாமல் ஆல்பத்துக்குத் தயார் செய்கிறவனை, போனில் ஃபில்டர் போட்டுக்கொள் என்கிறார். சூப்பர்வைசரைக் கொடுங்கள் என்றேன். "நான்தான் சூப்பர்வைசர்" என்று சொல்லி லைனில் பாட்டைப் போட்டுவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று உங்கள் இயந்திரக் குரல்தான் சொல்கிறது. எடுத்துக் கேளுங்கள். நான் ஒரு சொல் மிகையாகச் சொல்லியிருந்தால் இந்தப் புகாரையே திரும்பப் பெறுகிறேன்.

சந்தாவை விட்டுவிட்டுப் போவதும் அவ்வளவு எளிதா? ரத்து செய்யும் பக்கத்தில் 'தொடர்ந்து இருக்கிறேன்' என்பது விரல் அகல நீலப் பட்டன். 'ரத்து செய்' என்பது அதன் கீழே கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய எழுத்து. நடுவில் இரண்டு மாதம் இலவசம் என்று ஒரு தூண்டில். ஏற்றுக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாகப் பன்னிரண்டு மாத ஒப்பந்தம் தொடங்குகிறது என்பதை அடிக்குறிப்பில் வைத்திருக்கிறீர்கள். அதையெல்லாம் தாண்டினால் ரத்துக் கட்டணம்: மீதி மாதங்களின் தொகையில் பாதி. இரண்டாம் மாதத்தில் விலகினால் மீதி பத்து மாதம், அதில் பாதி ஐந்து மாதம், அதுவும் புதிய விலையில். பழைய விலைக் கணக்கில் பார்த்தால் ஏழரை மாதப் பணம். சனி பிடித்த கணக்கு என்று இதைத்தான் சொல்வார்கள். விலகாமல் இருந்தாலோ வருடத்துக்கு ஆறு மாதச் சந்தா கூடுதல். போனாலும் நஷ்டம், இருந்தாலும் நஷ்டம் என்று நன்றாகத்தான் உட்கார்ந்து யோசித்திருக்கிறீர்கள்.

உங்கள் தொழிலில் இருக்கிற, போட்டோஷாப் விற்கும் அடோபி மீது, மாதாமாதம் கட்டும் ஆண்டு ஒப்பந்தத்தின் ரத்துக் கட்டணத்தைச் சரியாகத் தெரிவிக்காமல் மறைத்ததாகவும் ரத்து செய்வதைச் சிக்கலாக்கியதாகவும் சொல்லி, 2024 ஜூனில் அமெரிக்காவில் நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தரப்பில் வழக்குப் போடப்பட்டது. உங்கள் சட்டப் பிரிவு அதைப் படிக்காமல் இருக்காது. உங்கள் ரத்துப் பக்கத்தை ஒவ்வொரு திரையாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். என்னை நுகர்வோர் மன்றப் படி ஏற வைக்காதீர்கள்.

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டேன். உங்கள் மென்பொருளைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நல்ல மென்பொருள். தோல் நிறத்தை அது கையாளும் விதம் வேறு எதிலும் எனக்கு அமையவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் இருந்தேன், என் கூட வேலை செய்யும் பையன்களுக்கும் அதிலேயே சொல்லிக் கொடுத்தேன்.

ஆனால் அந்த நம்பிக்கையைத்தான் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். படங்களையும் அவற்றில் செய்த திருத்தங்களையும் உங்கள் மென்பொருள் பதிந்து வைக்கும் என் கேட்டலாக்கில் என் தொழில் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. நட்சத்திரக் குறி, குறிச்சொல், தலைப்பு இவற்றை எக்ஸ்எம்பி என்ற சிறு தகவல் கோப்பில் எழுதி வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோய்விடலாம். ஆனால் நான் ராத்திரி கண்விழித்துப் போட்ட மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்துத் திருத்துவது), வெளிச்சம், நிறத் திருத்தம் எல்லாம் உங்கள் எஞ்சினுக்கு மட்டும்தான் புரியும். திருத்தங்களை அப்படியே படத்தில் பதித்து டிஃப் என்ற வகைக் கோப்பாக ஆக்கலாமே என்று உங்கள் ஆள் ஒருவர் வெகு சுலபமாகச் சொன்னார். 24 மெகாபிக்ஸல் ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பு, 30 எம்பி பக்கம் இருக்கும். அதையே 16 பிட் டிஃப் ஆக்கினால் ஒரு படத்துக்குச் சுமார் 140 எம்பி. என்னிடம் இருக்கும் படங்களுக்கு எத்தனை ஹார்டு டிஸ்க் வாங்குவது? டிஃப் ஆனபின், ரா ஃபைலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் இஷ்டம்போல் மாற்ற இருந்த தாராளமும் போய்விடும். சந்தா நின்ற மறுநாள் கேட்டலாக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். என் வீட்டுக்கு நானே விருந்தாளி ஆன மாதிரி.

இந்த அலைச்சலில் ஒரு ஆல்பம் தேதிக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் குடும்பம் இனி என்னைக் கூப்பிடாது. அவர்களுடைய சொந்தக்காரர்களும் கூப்பிடமாட்டார்கள். அதோடு போய்விடுமா? ஒரு கல்யாணத்திலிருந்துதான் பத்துக் கல்யாணம் வரும். ஆக, வரவேண்டிய பத்து வருட வருமானத்தை நீங்கள் அழித்திருக்கிறீர்கள் என்றே சொல்வேன். தூக்கம் போனது, ரத்த அழுத்தம் ஏறியது, இதையெல்லாம் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வேறு வழி எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஒரே தடவை பணம் கட்டி வாங்குகிற மென்பொருள்கள் இன்னும் விற்கின்றன. டார்க்டேபிள், ரா தெரபி என்ற போட்டோ திருத்தும் மென்பொருள்கள் இலவசம். இன்னொரு இலவச மென்பொருளான ஜிம்ப் 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வெளியிட்டுவிட்டது. விலைக்கு விற்ற அஃபினிட்டி மென்பொருளையும் அதே வருடக் கடைசியில் இலவசமாக்கிவிட்டார்கள். டார்க்டேபிளில் ஒரு முழு நிகழ்ச்சியையே திருத்திப் பார்த்தேன். முதலில் கை பழகவில்லை. போகப் போக வந்துவிட்டது. புதுப் படங்களை அதில் திருத்திக்கொண்டு, பழைய கேட்டலாக்கைப் பார்க்க மட்டும் உங்கள் மென்பொருளை வைத்துக்கொள்வேன். அதற்குச் சந்தாவே தேவையில்லை. ஒரு ஆள் போனால் உங்களுக்கு என்ன? ஆனால் புகைப்படக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியபடி, என் கணக்கை ஆண்டுத் தொகை மொத்தமாகக் கட்டும் முறைக்குப் பழைய விலையில் மாற்றிக் கொடுங்கள். கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பிப் போடுங்கள். செல்லாத கோட் எண்ணைச் செல்லவையுங்கள், அல்லது அதன் பணத்தைக் கொடுங்கள். இது முடியாது என்றால் ரத்துக் கட்டணம் ஒரு காசு இல்லாமல் என்னை விடுங்கள். அப்புறம், அந்தப் போன் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். 'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று கம்பெனி பெயரில் வருவது எனக்கு வேண்டாம். மொபைல் ஆப் என்று சொன்னவர் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதக் கட்டணம் பிடிக்கும் தேதி வரை பார்ப்பேன். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், வங்கியில் அந்தப் பில்லை மறுத்துப் புகார் கொடுத்து, கார்டையும் நிறுத்திவிட்டு, எல்லாக் காகிதங்களோடும் நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன். அப்போது நஷ்டஈட்டுத் தொகை வேறு மாதிரி இருக்கும். அதற்கெல்லாம் தேவை வராது, உங்களைப் போன்ற பெரிய நிறுவனம் ஒரு பழைய வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் என்று இப்போதும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
பழைய போட்டோ பிளான் சந்தாதாரர்

இணைப்பு: விலையேற்ற மின்னஞ்சல் (அடியில் உள்ள பொடி எழுத்தை வட்டமிட்டிருக்கிறேன்), பிளான் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகள், புதிய கட்டணம் பிடித்த பில், கோட் வாங்கிய ரசீது, மூடப்பட்ட டிக்கெட்டுகளின் நகல்.