முத்துப்பேட்டை இரண்டு உண்டு: கடற்கரை ஊர்களின் இருப்பிடப் பட்டியலை வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பெரியபட்டினத்தில் இருந்து எழுதுகிறேன். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுவது என் வேலை. மற்ற நேரத்தில், எங்கள் பக்கத்து ஊர்கள் சேர்ந்து நடத்தும் இலவச ஆம்புலன்சுக்கு ஒரு சின்னச் செயலியைச் செய்து பராமரித்து வருகிறேன். அழைப்பு வந்ததும் இடத்தைக் குறித்து டிரைவரின் போனுக்கு வழி அனுப்பும், அவ்வளவுதான். மழைக்காலம் நெருங்குகிறது. அதற்குள் மாவட்ட நிர்வாகத்திடமும், செயலி செய்யும் இளைஞர்களிடமும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன்.

இன்று பார்சல், டாக்சி, புகார் மனு என எந்தச் செயலியைத் திறந்தாலும் உள்ளே ஒரு வரைபடம் இருக்கிறது. அதைச் செயலிக்காரர்கள் வரைவதில்லை. கூகுள் மேப்ஸ், மேப்மைஇந்தியா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்றவற்றிடம் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்டு வாங்கும் வாசல்) வழியாகக் கேட்டு வாங்குகிறார்கள். முகவரியை எழுத்தாக அனுப்பினால் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் திரும்பி வரும். இதை ஜியோகோடிங் என்பார்கள். பெருநகரத்தில் கதவு எண்ணோடு கேட்டால் பெரும்பாலும் கட்டடம் வரை சரியாக வந்துவிடுகிறது. எங்கள் கடற்கரையில் அப்படி வருவதில்லை.

பெரியபட்டினத்துக்கு அருகில் முத்துப்பேட்டை இருக்கிறது. திருவாரூர் மாவட்டத்திலும் ஒரு முத்துப்பேட்டை உண்டு, அது பெரிய ஊர். தர்கா உள்ள ஏர்வாடி எங்கள் மாவட்டம், இன்னொரு ஏர்வாடி திருநெல்வேலி மாவட்டம். மாவட்டத்தைச் சேர்க்காமல் வெறும் ஊர்ப் பெயரை அனுப்பும் செயலிக்கு எந்த ஊர் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. என் உம்மாவுக்கு வர வேண்டிய மருந்துப் பெட்டி ஒன்று இப்படித்தான் திருவாரூர்ப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. கீழக்கரையை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதில் வருகிறது.

வேறு மாவட்டத்தைக் காட்டினால்கூடப் பரவாயில்லை, பார்த்த உடனே தெரிந்துவிடும். சரியான ஊரில் தவறான இடத்தைக் காட்டுவதுதான் ஆபத்து. கேட்ட தெரு கிடைக்காவிட்டால் பல சேவைகள் 'தெரியாது' என்று சொல்வதில்லை. ஊரின் நடுவிலோ பின்கோடு பகுதியின் நடுவிலோ ஒரு புள்ளியைக் கொடுத்துவிடுகின்றன. கூகுளின் ஜியோகோடிங் சேவை, அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கூடவே எழுதி அனுப்புகிறது. 'ரூஃப்டாப்' என்று வந்தால் கட்டடம் வரை சரி, 'அப்ராக்சிமேட்' என்று வந்தால் உத்தேசம். கேட்டது முழுதாகப் பொருந்தவில்லை என்றால் 'பார்ஷியல் மேட்ச்' என்ற குறிப்பும் வரும். இந்தக் குறிப்புகளைப் படிக்காமல் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் செயலிகள் ஏராளம். திரையில் உத்தேசப் புள்ளியும் துல்லியப் புள்ளியும் ஒரே சிவப்பில்தான் நிற்கின்றன.

இதன் விலை என்ன என்பதை ஒரு மஃரிப் (அந்தித் தொழுகை) நேரத்தில் பார்த்தோம். அப்போது எங்கள் செயலி கிடையாது. வண்டி ஓட்டும் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) வேறொரு பொதுச் செயலியை வைத்திருந்தார். கடலோரக் குடியிருப்பில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம். போனில் பேசியவர், "சர்ச்சுக்குப் பின்னால, ஐஸ் கம்பெனி தாண்டி, கருவாட்டு வாடிக்கு எதிர்த்தாப்புல" என்று தெளிவாகத்தான் சொன்னார். வாடி என்றால் கருவாடு காயவைக்கும் இடம். செயலியோ ஊர் நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னது. காக்கா எனக்குப் போன் போட்டு, "தங்கச்சி, மேப்புல இதுக்கு மேல ரோடே இல்லங்குது. வாடி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ரோடு இருக்கிறது. தென்னந்தோப்புக்குள் போகிறது, அதனால் செயற்கைக்கோள் படத்தில் ஓலைதான் தெரியும், பாதை தெரியாது. அவர் சுற்றிப் போய்ச் சேர்ந்தார், பெரியவரும் பிழைத்துக்கொண்டார். ஆனால் வழி கேட்டே அத்தனை நேரம் போனது.

அதன் பிறகு ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி நாங்களே நடந்து புள்ளிகளை எடுத்தோம். பள்ளிவாசல், சர்ச், ரேஷன் கடை, ஐஸ் கம்பெனி, வாடிகள், ஏலக்கூடம், தோப்புப் பாதையின் முனை. அழைப்பவர் வாயில் எது வருகிறதோ அதுவே பட்டியலில் இருக்கும். பேசிக்கொண்டே டிரைவர் தொட்டுவிடலாம். இன்னொன்றும் சேர்த்தோம். மணல் தொடங்கிய பிறகு வண்டி போகாது, டயர் புதைந்துவிடும். ஆகவே வீடு இருக்கும் புள்ளியோடு, வண்டி நிற்க வேண்டிய புள்ளியையும், அங்கிருந்து ஸ்ட்ரெச்சர் தூக்கிப் போகும் தூரத்தையும் தனியாகக் குறித்தோம். வழி சொல்லும் எந்த ஏபிஐயும் இதைத் தானாகச் சொல்லாது. அதற்கு அந்த மணலில் கால் வைத்தவர்கள்தான் வேண்டும்.

புள்ளிகளை நாமே எடுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கூகுளின் விதிப்படி, அதன் ஜியோகோடிங் சேவையில் வாங்கிய அட்சரேகை, தீர்க்கரேகையை 30 நாளுக்கு மேல் சேமித்து வைக்கக் கூடாது. அதை வைத்து ஊருக்கு நிரந்தரப் பட்டியல் செய்ய முடியாது. நம் போனின் ஜிபிஎஸ்சில் நின்று எடுத்த எண்களுக்கு அந்தத் தடை இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் அதில் இடம் சேர்க்கலாம், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் தரவை எடுக்கலாம். ஆனால் தரவு இலவசம் என்பதால் அதன் சர்வரும் நமக்கு அள்ள அள்ள இலவசம் என்று நினைக்கக் கூடாது. நாமினாட்டிம் எனும் அதன் பொதுத் தேடல் சேவையில் விநாடிக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம், எழுத்து எழுத்தாகத் தட்டும்போதே தேடும் வசதிக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. கூகுளைக் குறை சொல்லவும் எனக்கு எண்ணமில்லை. 2018இல் பில்லிங் கணக்கைக் கட்டாயமாக்கியபோது சிறிய குழுக்கள் திணறின என்பது உண்மை. 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கான கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைத்ததும் உண்மை. நகரத்துச் சாலைகளுக்கு அதன் வழிகாட்டுதல் நன்றாகவே இருக்கிறது.

செயலி எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மண்டபம் ஏறத்தாழ 9.28, 79.12இல் இருக்கிறது. வரைபடத்தைத் திரையில் காட்டும் லீஃப்லெட் நிரலில் அட்சரேகையை முதலில் எழுத வேண்டும், இடத் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகையை. மாற்றி எழுதினால் மண்டபம் வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் போய் விழும். போன் இடத்தைச் சொல்லும்போது, எத்தனை மீட்டர் பிசகலாம் என்ற எண்ணையும் தருகிறது. அது பெரிதாக இருந்தால் பயனரைக் கொஞ்சம் வெட்டவெளிக்கு வரச் சொல்லிக் காத்திருங்கள். தூரத்தை நேர்கோட்டில் கணக்கிடாதீர்கள். வளைந்து கிடக்கும் இந்தக் கரையில் நேர்கோடு கடலுக்கு மேல் போகும். ராமேஸ்வரம் தீவில் இருந்து வரும் வண்டி எப்படியும் பாம்பன் பாலத்தைக் கடந்தாக வேண்டும்.

இனி, நிர்வாகத்திடம் கேட்பது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இப்படிப்பட்ட நாளில் வெளியூர் மீட்புக் குழு வந்தால் கையில் இருப்பது போனும் வரைபடமும்தான். டவர் விழுந்தாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஏனென்றால் அது நேராகச் செயற்கைக்கோளில் இருந்து வருகிறது. ஆனால் இணையம் இல்லாமல் வரைபடப் படங்கள் இறங்காது. சாம்பல் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கும். முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம் இருந்தால்தான் உதவும், அதிலும் நம் ஊர் ஏறியிருந்தால்தான் உதவும்.

தொண்டி முதல் சாயல்குடிக் கரை வரை உள்ள புயல் பாதுகாப்பு மையங்கள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், ரேஷன் கடைகள், அங்கன்வாடிகள், மீன் இறங்குதளங்கள் ஆகியவற்றின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், அட்சரேகை தீர்க்கரேகையோடு, யாரும் இறக்கிப் பயன்படுத்தும் அட்டவணைக் கோப்பாக வெளியிடுங்கள். படமாகவோ ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகவோ வேண்டாம், அதிலிருந்து ஒரு எண்ணைக்கூடச் செயலிக்குள் நேராக எடுக்க முடியாது. அப்புறம், ஒவ்வொரு ரேஷன் கடை, பள்ளிக்கூடச் சுவரிலும் அந்த இடத்தின் எண்களைப் பெயிண்டில் எழுதுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம், ஆம்புலன்சுக்கு அது போதும். அஞ்சல் துறை 2025இல் அறிமுகப்படுத்திய டிஜிபின் என்ற முகவரிக் குறியீடு, எழுத்தும் எண்ணும் கலந்த 10 குறிகளில் ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரத்தையே குறித்துவிடுகிறது, அதையும் கீழே எழுதலாம். பட்டன் போன் வைத்திருக்கும் ஒரு பாட்டி சுவரைப் பார்த்து வாசித்தால் வண்டி வந்து சேரும்.

எங்கள் மாவட்டக் கல்லூரிகளின் என்எஸ்எஸ் முகாம்களில் ஒரு நாளையாவது இதற்கு ஒதுக்கலாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட், எவ்ரி டோர் போன்ற இலவசச் செயலிகளை வைத்து மாணவர்கள் தெருத்தெருவாக நடந்தால் ஊர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறிவிடும். மத்திய அரசு 2021 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களுக்குப் பிறகு இந்தியர்கள் இப்படித் தரவு திரட்ட முன்அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் பாதுகாப்புத் துறை இடங்களை விட்டுவிட வேண்டும். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருப்பதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குறிக்கக் கூடாதது இன்னொன்றும் இருக்கிறது. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்தப் பருவத்தில் மீன் படும் என்று நாட்டுப்படகுக்காரர்கள் தங்கள் ஜிபிஎஸ்சில் சேர்த்து வைத்திருக்கும் பாயிண்டுகள் அவர்களுடைய பிழைப்பு. திட்டம், ஆய்வு என்ற பெயரில் அவற்றை வாங்கிப் பொது வரைபடத்தில் ஏற்றுவதை நான் எதிர்ப்பேன். கரையில் இருப்பது எல்லாருக்கும் தெரியட்டும், கடலுக்குள் இருப்பது அவர்களிடமே இருக்கட்டும்.

நாங்கள் எடுத்த புள்ளிகளைத் தமிழ்ப் பெயரோடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றத் தொடங்கியிருக்கிறோம். வண்டி நிற்கும் புள்ளிகள் அடங்கிய எங்கள் பட்டியலையும் மாவட்ட நிர்வாகம் கேட்டால் கோப்பாகவே தருகிறோம். புதுமடம், வேதாளை, தங்கச்சிமடம் பக்கத்து இளைஞர்கள் தங்கள் ஊரிலும் இதைச் செய்ய விரும்பினால் எங்கள் பிள்ளைகள் வந்து சொல்லிக் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
செயலி எழுதும் வாசகி ஒருத்தி,
பெரியபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.