"ஒண்ணும் ஆகாது" என்கிற கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையில் இட்லிக்கடை, தள்ளுவண்டி, மெஸ், டீக்கடை, ஆப்பக்கடை நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். தட்டை வாங்குவதற்கு முன்னால் "இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்கிற ஆள் நான்தான். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். உங்கள் கரண்டி அந்தரத்தில் நிற்கும். அப்புறம் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சாப்புடு தம்பி, ஒண்ணும் ஆகாது." அந்த இரண்டு வார்த்தையைப் பற்றித்தான் இந்த மடல்.

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை செய்கிறேன். ஹார்பருக்கும் மணலி, திருவொற்றியூர் பக்கத்து கன்டெய்னர் யார்டுகளுக்கும் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு பைக்கில் அலையும் வேலை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் மதியத்துக்குள் வெயிலில் ஊசிவிடுகிறது. அதனால் வாரத்தில் ஆறு நாளும் ஒரு வேளையாவது உங்கள் கடைதான். கேள்வி கேட்காமல் சாப்பிட்டுப் போக எனக்கும் ஆசைதான்.

எனக்கு இருப்பது க்ரோன்ஸ் நோய். குடலில் வரும் நாள்பட்ட அழற்சி. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம்; எனக்குச் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. குடல் டிபிக்கும் பிடித்த இடம் அதுதான். ஸ்கோப்பில், அதாவது குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்த்தால், இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்குமாம். நம் ஊரில் பலருக்கு நடப்பதுபோல எனக்கும் 2015-ல் முதலில் ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். குறையவில்லை. அதற்குப் பிறகுதான் இது வேறு என்று முடிவானது.

இது தொற்றாது. என் டம்ளரைத் தனியாகக் கழுவி வைக்க வேண்டியதில்லை. (ஒரு டீக்கடையில் வைத்தார்கள். போகட்டும்.) உங்கள் சாப்பாட்டால் வந்ததும் இல்லை, அந்தப் பயமும் வேண்டாம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குகிறது. நோயை அடக்குவது மாத்திரைதான். ஆனால் அடங்கியிருக்கும் வயிற்றை ஒரு வாரத்துக்குக் கெடுக்க ஒரு தட்டுச் சாப்பாடு போதும். தவிர, பல வருஷம் வீங்கி ஆறி, வீங்கி ஆறி, அந்த இடம் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. வண்ணாரப்பேட்டை சந்தில் லாரி நுழைந்தால் எப்படியோ, என் குடலில் நார் நுழைந்தால் அப்படி.

2018 பொங்கலுக்கு முந்தின நாள். தண்டையார்பேட்டையில் மார்க்கெட் பக்கம் ஒரு அக்கா மஞ்சள் போட்டு வேகவைத்த பனங்கிழங்கை ஆவி பறக்க அடுக்கி வைத்திருந்தார். "நார் இருக்குமாக்கா?" என்று கேட்டேன். "இளங்கிழங்குப்பா, நாரே இல்ல. ஒண்ணும் ஆகாது." தோலை உரித்து, கிழங்கை நடுவில் பிளந்து, உள்ளே இருந்த குருத்தைத் தனியாக எடுத்து அவரே கையில் கொடுத்தார். கடித்து இழுத்தால் நூல் நூலாக வந்தது. அப்போதே துப்பியிருக்கலாம். ருசி விடவில்லை. உப்பும் மிளகும் வேறு தொட்டுக்கொள்ளக் கொடுத்திருந்தார்.

அரைக் கிழங்குதான் சாப்பிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு வயிறு பானை மாதிரி உப்பியது. வலி அலை அலையாக வந்து, நடுவில் கொஞ்சம் விட்டு, மறுபடி வந்தது. விடியற்காலையில் பச்சையாக வாந்தி. ஊரெல்லாம் பொங்கல் பொங்கிய நேரத்தில் எனக்கு மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ். மூன்று நாள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து பெட்காரருக்கு வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. நெய் வாசனைக்கு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்த அக்கா பொய் சொல்லவில்லை. அவர் பல்லுக்கு, அவர் வயிற்றுக்கு, அது நாரே இல்லாத கிழங்குதான். "ஒண்ணும் ஆகாது" என்று நீங்கள் சொல்லும்போது "எனக்கு ஒண்ணும் ஆனதில்லை" என்றுதான் அர்த்தம். எனக்கு அது புரிய ஒரு பொங்கல் செலவானது.

இன்னொரு நாள் ஆப்பம். சாயங்காலம் மட்டும் போடுகிற வண்டி. எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். ஆப்பம் எனக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாடு. அரிசி, புளிப்பு, மெத்தென்ற நடுப்பகுதி, எண்ணெய் இல்லை. பால்தான் ஆகாது. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் சக்தி, வளர்ந்த பிறகு நம்மில் நிறையப் பேருக்குக் குறைந்துவிடும். எனக்கு நோயும் கூடச் சேர்ந்துகொண்டது. தயிர் பரவாயில்லை, புளிக்கும்போதே அந்தச் சர்க்கரையில் கொஞ்சம் போய்விடுகிறது. அன்றைக்கு "தேங்காப்பால்தானேக்கா?" என்று கேட்டேன். "ஆமாம்பா." இரண்டு ஆப்பம், கிண்ணம் நிறையப் பால்.

அடுத்த முக்கால் மணி நேரத்தில் நான் எண்ணூர் விரைவுச் சாலையில் இருந்தேன். அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். இந்தப் பக்கம் கன்டெய்னர் லாரி, அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரி, நடுவில் பைக், பைக்கின் மேல் நான், என் வயிற்றுக்குள் ஆப்பம் ஆடும் ஆட்டம். இந்த நோயில் அவசரம் என்றால் ஐந்து நிமிஷம் பொறுக்கிற அவசரம் கிடையாது. பைக்கை அப்படியே ஓரமாகச் சாய்த்துவிட்டு ஒரு பெட்ரோல் பங்க் வரை ஓடினேன். பங்க் பையன் என் முகத்தைப் பார்த்தான். எதுவும் கேட்காமல் டாய்லெட் சாவியை எடுத்து நீட்டினான். (சாவி கேட்டால் கொடுங்கள் என்று ஒரு தனி மடல் எழுத வேண்டும். இப்போதைக்கு அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும்.)

மறுவாரம் போய்ச் சண்டை போடாமல் கேட்டேன். அந்தக்கா கொஞ்சம் தயங்கிவிட்டு, "கொஞ்சமா பாக்கெட் பாலும் ஊத்துவேன் தம்பி. தேங்கா விக்கிற வெலைக்கு முழுசா கட்டுப்படியாகல" என்றார். நியாயம்தான். கலப்பது உங்கள் கணக்கு, அதில் நான் தலையிட மாட்டேன். நான் கேட்டபோது அதைச் சொல்லியிருந்தால் சர்க்கரை தூவிச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

"வெங்காயம் வேணாம்னா எடுத்துப் போட்டுட்டு சாப்பிடு" என்பது நீங்கள் சொல்லும் இன்னொரு பதில். மெஸ்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். வெங்காயத்திலும் பூண்டிலும் கோதுமையிலும் ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. யார் குடலாலும் அதைச் செரிக்க முடியாது. கீழே போய் நுரைத்துக் காற்றாகும். உங்களுக்குச் சும்மா காற்றாகப் பிரிந்து போய்விடும், என்னை அது சுருட்டிப் படுக்க வைக்கும். ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்த மாதிரிப் பொருள்களையெல்லாம் அளந்து ஒரு சாப்பாட்டு முறையே வகுத்திருக்கிறார்கள். அந்தச் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் சாம்பாரில் கொதித்த வெங்காயத்தை நான் பொறுக்கிப் போட்டுப் பிரயோஜனமில்லை, சாறு குழம்பில் இறங்கிவிட்டது. அதே பூண்டை எண்ணெயில் பொரித்து எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை மட்டும் வரும், வயிறு பேசாது. என் வீட்டில் ஒரு வருஷமாக அப்படித்தான் ரசம் வைக்கிறார்கள். அம்மா முதலில் "இது இன்னா ரசம்" என்று முகம் சுளித்தார். இப்போது அவரே அதைத்தான் கேட்கிறார்.

எல்லாக் குடல் நோயாளிக்கும் இதே பட்டியல் என்று நினைத்துவிடாதீர்கள். ஓபி வரிசையில் பழக்கமான ஒரு அம்மாவுக்கும் இதே நோய்தான். அவர் பால் குடிப்பார், மீன் பக்கம் போகமாட்டார். எனக்குக் காசிமேட்டு சங்கரா மீனும் வவ்வால் மீனும் மிளகாய் குறைத்துக் குழம்பு வைத்தால் அமிர்தம். நான் ஒரு கோடு போட்ட நோட்டில் தினமும் என்ன சாப்பிட்டேன், எப்போது வலித்தது என்று எழுதி எழுதித்தான் என் பட்டியலைக் கண்டுபிடித்தேன். அந்த நோட்டில் இன்னும் கேள்விக்குறி போட்ட வரிகள் நிறைய இருக்கின்றன. பாதி, உங்கள் கடையில் சாப்பிட்டு, உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் போன நாட்கள்.

இன்னும் ஒன்று. இப்போது "பழைய சோறு, குடல் புண் குணமாகும்" என்று நிறையக் கடைகளில் பலகை தொங்குகிறது. நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே இந்த மாதிரிக் குடல் அழற்சிக்குப் பழைய சோறு உதவுமா என்று அரசு உதவியோடு ஆராய்ச்சி தொடங்கினார்கள், பத்திரிகைகளிலும் வந்தது. எனக்குப் பெருமைதான். நானும் காலையில் பழைய சோறு சாப்பிடுகிறேன், நன்றாகவே இறங்குகிறது. ஆனால் மாத்திரையையும் சாப்பிடுகிறேன். உங்கள் பலகையைப் பார்த்துவிட்டு யாராவது "அப்போ மருந்து வேணாமா?" என்று கேட்டால், தயவுசெய்து டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். கூடவே பச்சை வெங்காயத்தையும் மோர் மிளகாயையும் கேட்காமல் தட்டில் வைக்காதீர்கள். அதேபோல "நார்ச்சத்து இருக்கு, உடம்புக்கு நல்லது" என்று சிறுதானிய அடையை என் தட்டில் தள்ளும் அண்ணன், உங்கள் அன்பு புரிகிறது. என் வயிற்றுக்கு அந்த நல்லதுதான் கெட்டது.

(ஆடி மாசத்துக் கூழ் கணக்கில் வராது. அது அம்மன் விஷயம். டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைப் பக்கத்தில் நிற்கும் பொடியனிடம் தள்ளிவிடுவேன். அம்மனுக்கும் எனக்கும் அப்படி ஒரு ஏற்பாடு.)

சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட இதை எழுதவில்லை. பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் ஓட்டல்கள் பால், கோதுமை, வேர்க்கடலை, மீன் போன்றவை எந்தெந்தப் பண்டத்தில் இருக்கின்றன என்று காட்ட வேண்டும் என ஒரு விதி 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. தள்ளுவண்டிக்கு அது பொருந்தாது. பொருந்த வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தோசைக்கல் பக்கத்தில் யார் அட்டவணை ஒட்டிக்கொண்டிருப்பது? உங்களிடம் வாய் இருக்கிறது, அது போதும்.

ஆனால் ஒரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். எனக்கு இருப்பது அலர்ஜி இல்லை. தப்பாகச் சாப்பிட்டால் நான் அவஸ்தைப்படுவேன், நாலு நாளில் எழுந்துவிடுவேன். வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தைக்கு அப்படி இல்லை, நிமிஷக் கணக்கில் தொண்டை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். தேங்காய்ச் சட்னியில் கட்டுப்படியாகாமல் வேர்க்கடலையும் சேர்த்து அரைப்பது நமக்குள் தெரிந்த சங்கதிதானே. யாராவது "கடலை இருக்கா?" என்று கேட்டால் கல்லாவிலிருந்தபடியே "இல்ல, இல்ல" என்று சொல்லிவிடாதீர்கள். அரைத்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். "தெரியலப்பா" என்று ஒரு கடைக்காரர் சொன்னால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. சும்மா ஒரு இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ போடும் ஒரு அண்ணன் இருக்கிறார். பர்மாவிலிருந்து வந்த குடும்பம். மைதா நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த பூண்டு என்று அத்தோவில் எனக்கு ஆகாததெல்லாம் கூட்டணி வைத்திருக்கும். ஒரு காலத்தில் சம்பள நாளென்றால் அங்கேதான் நிற்பேன். நோய் வந்த பிறகு ஒருநாள் ஆசையை அடக்க முடியாமல் போய் வழக்கம்போல் கேள்வியை ஆரம்பித்தேன். அவர் கையை நிறுத்திவிட்டு, பூண்டு, வெங்காயம், மைதா, மிளகாய்த்தூள் என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினார். அப்புறம், "உனக்கு இங்க தோதா எதுவும் இல்ல நைனா. வாழத்தண்டு சூப்புலயும் பூண்டு கெடக்கு. முட்டை மட்டும் அவிச்சுத் தரவா?" என்றார். அவித்த முட்டையில் மசாலாவுக்குப் பதில் உப்பு மட்டும் தூவிக் கொடுத்தார். இரண்டு சாப்பிட்டேன். இப்போதும் மாசம் ஒரு தடவை அத்தோ வாசனை பிடித்துக்கொண்டே முட்டை சாப்பிட அங்கே போகிறேன். கூட்டிக்கொண்டு போகிற ஆபீஸ் பையன்கள் மூன்று பேர் அத்தோ சாப்பிடுகிறார்கள், அதுவும் அவருக்கு வியாபாரம்தான்.

ஆப்பக்கார அக்கா கதையையும் முடித்துவிடுகிறேன். போன வியாழக்கிழமை வண்டிக்கு இருபது அடி தூரத்தில் வரும்போதே என்னைப் பார்த்துவிட்டார். ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே, சுற்றி நின்ற எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னிக்கு கலந்த பாலு தம்பி, உனக்கு வேணாம். சக்கரையா, வெறுமனேவா?" என்று சத்தம் போட்டார். எட்டுப் பேரும் தங்கள் கிண்ணத்தை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தர்கூட வைக்கவில்லை, சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

இப்படிக்கு,
கேள்வி கேட்கிற அந்தத் தம்பி,
தண்டையார்பேட்டை.