திருகோணமலைக்கு ஒரு படைவரலாற்று ஆவண அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையின் யுத்த வரலாறு என்றால் பிரெட்ரிக் கோட்டை, ஒஸ்டன்பேர்க் பீரங்கிகள், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் என்று கல்லையும் இரும்பையுமே காட்டுகிறோம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது துறைமுகத்தில் வேலைக்கு நின்றவர்கள் யார், தொண்டர் படைச் சீருடையில் நின்றவர்கள் யார் என்று தேடிப் பார்க்க நகரில் ஓர் இடமில்லை. அவர்களுடைய சம்பளப் புத்தகங்களும் துறைமுக அனுமதி அட்டைகளும் எஞ்சியிருந்தால் அவை இன்று வீட்டு அலுமாரிகளில்தான் கிடக்கும்.

சிக்காகோவில் 2003இல் தொடங்கப்பட்ட பிறிட்ஸ்கர் இராணுவ நூலகம், தளபதிகளோடு நின்றுவிடாமல், சொந்தத் தொழிலை விட்டுச் சீருடை அணிந்த குடிமக்களை மையமாக வைத்து நூல்களும் கடிதங்களும் படங்களும் சேர்க்கிறது. இலங்கையிலும் 1881இல் இலகு காலாட் தொண்டர் படையும், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கடற்படைத் தொண்டர் படையும் உருவாகின. நமக்கு மாளிகை வேண்டாம், பொது நூலகத்தில் ஓர் அறை போதும். ஆனால் கடலோரத்தில் கடதாசியைக் காப்பது தனி வித்தை.

ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் இது இங்கே சர்வசாதாரணம். பகலில் குளிரூட்டியைப் போட்டு மாலையில் நிறுத்திவிட்டுப் போவது அதைவிட மோசம். குளிர்ந்த தாள்மீது இரவின் ஈரக்காற்று படிந்து நனைத்துவிடும். எந்நேரமும் இயக்க வசதியில்லையென்றால் குளிரூட்டியே வேண்டாம். காற்றாடியும் ஈரமுறிஞ்சும் இயந்திரமும் போதும். இரும்புத் தட்டுகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும், அடித்தட்டு நிலத்திலிருந்து 15 சென்றிமீற்றர் உயரத்திலும் இருந்தால் கறையான் வருவது உடனே கண்ணில் படும்.

வந்து சேரும் பெட்டியை நேரே உள்ளே வைக்கக்கூடாது. தாள்களைப் பொலித்தீன் பையிலிட்டு, காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 20 பாகை செல்சியஸில் 2 கிழமை உறைய வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்க அவசரப்பட்டால் தாள் வியர்த்து மை ஊறும். 24 மணிநேரம் மூடியபடியே கிடக்கட்டும். கண்ணாடித் தகட்டிலான பழைய புகைப்பட நெகட்டிவ்களை இப்படி உறைய வைக்கக்கூடாது. பிறகு ஸ்டேப்ளர் கம்பியையும் குண்டூசியையும் கழற்ற வேண்டும், உப்புக்காற்றில் அவைதான் முதலில் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். செலோடேப் ஒட்டுவதும் லமினேட் செய்வதும் பாதுகாப்பு என்று நம்மவர் நினைக்கிறார்கள். லமினேட் செய்த கடிதத்தைத் திரும்ப மீட்கவே முடியாது.

பதக்கங்களைப் பிராசோ போன்ற உலோக மினுக்கி போட்டு மினுக்குவதும் வேண்டாம். முதலாம் உலகப் போரின் பிரித்தானியப் பதக்கங்களில் உரியவரின் பெயரும் இலக்கமும் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்க்கத் தேய்க்க அது அழியும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளுக்குக் கிடைத்த நட்சத்திரப் பதக்கங்களில் பெரும்பாலும் பெயரே இல்லை. கூட இருந்த கடிதத்தைப் பிரித்துவிட்டால் அது யாருடையது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. ஆகவே, ஒரு வீட்டிலிருந்து வந்தவை ஒரே பெட்டியில், வந்த ஒழுங்கிலேயே இருக்க வேண்டும். தலைப்புவாரியாகப் பிரித்து அடுக்குவது நூல்களுக்குச் சரி, ஆவணங்களுக்குச் சரிவராது. படங்களின் பின்னால் 2பி பென்சிலால் மெதுவாக எழுதலாம், போல்பொயின்ற் பேனை கூடாது. ஸ்கான் செய்யும்போது தாளுக்கு 300, படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்), தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக.

செலவில்லாமல் இன்றே தொடங்கக்கூடியதும் ஒன்றுண்டு. நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தின் பெயர்ப்பட்டியலைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். லண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுவோருக்கு, இலங்கைக் கடிதப் போக்குவரத்து சிஓ 54 (CO 54), கப்பற் பதிவேடுகள் ஏடிஎம் 53 (ADM 53) என்ற வரிசைகளில் இருப்பதை ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினாலே பாதி வேலை முடியும்.

1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தது வரையான காலத்தை முதலில் எடுப்பதே புத்தி. பிந்திய யுத்தம் பற்றிய தாள்களையும் சனம் கொண்டுவரத்தான் செய்யும், திருப்பி அனுப்பக்கூடாது. எந்த ஆண்டுவரை எவருக்கும் காட்டக்கூடாது என்பதைக் கொடுப்பவரே ஒப்படைப்புப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட இடம் இருக்க வேண்டும். அந்தப் படிவம் தயாராகாமல் ஒரு பெட்டியைக்கூட வாங்கக்கூடாது.

இப்படிக்கு,
ஆவணக் காப்பில் ஈடுபட்ட வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.